மேட்டாங்காட்டு ரக்பி கிளப்பும் என் சமையலும்

எங்கள் ஊரில் ஒரு ரக்பி கிளப் இருக்கிறது என்று சொன்னால் என் சித்தி மகளே நம்புவதில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பேச்சு வந்தது. "அது பணக்காரப் பசங்க ஆடறதாச்சே. உங்கூர்க் கடலைக்காட்டுல எவன்டி ஆடறான்?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர்தான் ஆடுகிறார் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதாகிறது அவருக்கு. மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்த வலி எங்கே போகும் என்று இன்றுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

கிளப்பின் கதையை அவரிடம் கேட்டால் பந்தின் எடையில் ஆரம்பித்து விதிகளுக்குள் போய் வெளியே வரவே மாட்டார். அதனால் நானே சொல்கிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் பாதிப் பேரைப் போல அவரும் போர் போடுகிற ரிக் வண்டியில்தான் வேலை பார்த்தார். ஆந்திரா, ஒடிசா எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் கென்யாவில் இரண்டு வருடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செயின் கொண்டு வருவார்கள், செண்ட் பாட்டில் கொண்டு வருவார்கள். இவர் ஒரு பந்து கொண்டு வந்தார். அதுவும் உருண்டையாக இல்லை. என் மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, வர வழியில நசுங்கிப் போச்சா?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். இவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கென்யாவில் வேலையில்லாத நாட்களில் அங்கிருந்தவர்கள் ஆடியதைப் பார்த்துப் பழகிக்கொண்டாராம். வந்த மாதமே ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். ரிக்கில் கூட வேலை பார்த்தவர்கள், சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிற வெல்டர்கள், குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர்கள் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் கபடி ஆடி வளர்ந்த பிள்ளைகள். அதுவே பெரிய இடைஞ்சலாகிவிட்டது. ரக்பியில் எதிராளியைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். இவர்கள் தொட்டுவிட்டு நம்ம பக்கம் திரும்பி ஓடி வந்துவிடுவார்கள். வந்து நின்றுகொண்டு, "அவுட்டுங்கண்ணா" என்பார்கள். எதிராளி அதற்குள் பந்தோடு அந்தக் கோடிக்குப் போயிருப்பான்.

ஆட இடம் கொடுத்தது என் அண்ணன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவருக்கு இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, விதைக்காமல் சும்மா கிடந்த மானாவாரி நிலம். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் இவர்கள் ரோட்டோரம் விழுந்து புரள்வதைப் பார்த்து, "லாரிக்காரன் ஏத்திட்டுப் போயிருவான் மாப்ள. நம்ம காடு சும்மாதானுங்க கெடக்குது, அங்க போய் ஆடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவில்லை. பழைய போர் பைப்புகளை வெல்ட் செய்து இரண்டு பக்கமும் கம்பம் நட்டார்கள். மாரியம்மன் நோம்பிக்கு மைக் செட்காரர் அதில்தான் குழாயைக் கட்டுவார்.

ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிரில் இருக்கிற எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் எப்போதும் வேலைக்குப் போயிருப்பார்கள், எதிரில் தள்ள எட்டுப் பேர் ஏது? அதனால் நியூட்ரலில் நிறுத்திய லாரியைத் தள்ளிப் பழகினார்கள். இது வெளியே தெரிந்ததுதான் தாமதம். சேற்றில் லாரி மாட்டினால் ஃபோன், கிணற்று மேட்டில் டிராக்டர் சாய்ந்தால் ஃபோன், தேர் திரும்புகிற முக்கில் சக்கரம் பதிந்துவிட்டால் ஃபோன். "தள்ற பசங்கள வரச் சொல்லுங்க" என்பார்கள். ரக்பி என்ற பெயர் ஊரில் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. பைபாஸில் விபத்து என்றால் ரத்தம் கொடுக்க முதலில் போய் நிற்பதும் இவர்கள்தான். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறவும் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் எங்கள் கிளப் செய்யாத ஒரே காரியம், வேறு ஒரு கிளப்போடு ரக்பி ஆடுவதுதான்.

போன வருடம் ஐப்பசியில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். "மாப்ள, மத்த காட்டுல மழைய நம்பிக் கடலை போட்டு மூணு வருசமா வெதைகூட எடுக்க முடியல. மேட்டாங்காட்டுல கோழி ஷெட் போடலாம்னு இருக்கறனுங்க. தை மாசம் அஸ்திவாரம்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாமக்கல்லில் கோழி வைத்தவர்கள் எல்லாம் மாடி வீடு கட்டிவிட்டார்கள், அண்ணன் மட்டும் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிலம் அவருடையது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார். பிறகு, "செரிங்க மச்சான். அதுக்கு முன்னால வெளியூர்க் கிளப்பு ஒண்ணக் கூப்புட்டு ஒரே ஒரு மேட்ச் ஆடிக்கிறமுங்க" என்றார். "தாராளமா" என்றார் அண்ணன்.

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரை அவ்வளவு அகலத்தில் சமமான நிலம் வேறு யாரும் சும்மா தர மாட்டார்கள். அந்தக் காடு போனால் கிளப்பும் போனது என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பக்கம் கூடப் பிறந்தவர், மறு பக்கம் கட்டிக்கொண்டவர். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு கிளப் வர ஒத்துக்கொண்டது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் என்னிடம் வந்து, "ரக்பியில ஒரு வழக்கம் இருக்குது. மேட்ச் முடிஞ்சதும் வந்தவங்களுக்கு நாமதான் சோறு போடோணும். எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் ஒண்ணா உக்காந்து உண்ணோணும்" என்றார்.

"முடிஞ்சதுக்கு அப்பறமா?" என்றேன். "ராத்திரியெல்லாம் வண்டியில வந்தவங்கள வெறும் வயித்தோட காட்டுல எறக்கி ஓட விடுவீங்களா? நம்மூட்டப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அதான் வழக்கம்மா."

"உங்க வழக்கத்த உங்க பந்தோட வெச்சுக்கோங்க."

அண்ணன் காதுக்குப் போனதும் அவர் என்னைவிடக் கொதித்தார். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற விருந்தாளியை ஒரம்பரை என்போம். "ஏங்காட்டுக்கு வர ஒரம்பரை பசியோட நிக்கிறதா? நான் உசுரோட இருக்கறப்பவா?" என்று சொல்லி, தன் பட்டியிலிருந்து இரண்டு கிடாய்களைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார். அண்ணனும் நானும் ஒரே வார்ப்பு. சோற்று விஷயத்தில் எங்களிடம் யாரும் பேச முடியாது.

அயோத்தியாப்பட்டணம் தாண்டிவிட்டோம் என்று சென்னை வேனிலிருந்து காலையில் ஃபோன் வந்ததும் அடுப்பைப் பெரிதாக்கினேன். அவர்கள் வந்து முகம் கழுவுவதற்குள் இலை போட்டாயிற்று. சூடாகப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் முதலில். சந்தகை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் இடியாப்பம் என்பார்கள், எங்களுடையது இன்னும் மெத்தென்று இருக்கும். அதற்கு மேல் ஆட்டுக்கறிக் குழம்பு, குடல் வறுவல், பள்ளிபாளையம் சிக்கன், முட்டை ஆளுக்கு இரண்டு. கடைசியில் ஒப்புட்டு என்கிற போளி, நெய் விட்டு.

பாவம், நல்ல பிள்ளைகள். "போதும் ஆண்ட்டி" என்று இலையை மறைத்தார்கள். எங்கள் ஊரில் போதும் என்றால் கூச்சப்படுகிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் ஒவ்வொரு இலைக்கும் பின்னால் நின்று, "இன்னொரு கரண்டி வெய்யி அம்மிணி, ஓடறவங்க, தெம்பு வேணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். பரிமாறியது எங்கள் கிளப் ஆட்கள். விருந்தாளி கை கழுவாமல் வீட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது. ஆகவே அவர்கள் காலையிலிருந்து ஆளுக்கு ஒரு டீயோடு நின்றார்கள். அவர்கள் உட்காரலாம் என்று இலை போடுவதற்குள் சென்னையிலிருந்து கூடவே வந்த நடுவர் விசில் ஊதிவிட்டார்.

அட கெரகமே, அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வேன்! சென்னைப் பிள்ளைகளால் குனியவே முடியவில்லை. குனிந்தால் நிமிர முடியவில்லை. ஸ்க்ரம் கோத்து எங்கள் எட்டுப் பேர் தள்ளியபோது, நெல் மூட்டை சரிவதைப் போல அவர்கள் மொத்தமாகச் சரிந்தார்கள். ஒரு பையன் பந்தைப் பிடித்து நாலடி ஓடி, நின்று, வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். "குடல் வறுவல் ஒத்துக்கலையோ?" என்று அண்ணன் என்னிடம் கவலையோடு கேட்டார். எங்கள் ஆட்கள் பசியில் பறந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்தால் பாயிண்ட். மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவருக்கே எழுதி முடியவில்லை.

ஜெயித்தோம். இவர் முகத்தில் நான் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. அது அரை நிமிடம்தான் நின்றது. சென்னைக் கேப்டன், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், கை கொடுக்க வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "கிரவுண்டுல ஜெயிக்கல சார் நீங்க, எலையிலயே ஜெயிச்சிட்டீங்க. செம பிளான்."

பக்கத்தில் நின்ற அண்ணனின் முகம் சிவந்துவிட்டது. "என்ன சொன்னீங்க? நாங்க சோத்துல சூது வெச்சோம்ங்கறீங்களா?"

"அப்படி இல்ல அண்ணே..."

"அப்படித்தான் சொன்னீங்க. எங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் கையில உண்டுட்டு ஒருத்தரும் இப்படி ஒரு சொல்லு சொன்னதில்ல." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விடிவதற்கு முன்னால் எழுந்து பிழிந்த சந்தகை அது. அண்ணன் விடவில்லை. "மாசி மாசம் மறுக்கா வாங்க. மேட்ச் முடியற வரைக்கும் பச்சத்தண்ணி குடுக்க மாட்டோம். ஆடிப் பாருங்க, அப்பறம் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் மெதுவாக அண்ணன் காதருகில் போனார். "மச்சான், தை மாசம் அஸ்திவாரமுங்களே..."

"அஸ்திவாரம் எங்கயும் ஓடிப் போயிராது!" என்று கத்தினார் அண்ணன்.

வேன் கிளம்பிய பிறகு இவர் சமையற்கட்டுக்கு வந்தார். "நெசமாச் சொல்லு. தெரிஞ்சேதான் அவ்வளவு போட்டியா?" என்று கேட்டார். கையில் இருந்த கரண்டியை அவர் மேல் வீசாமல் விட்டது என் பெருந்தன்மை. ஷெட் இரண்டு மாதம் தள்ளிப் போனதில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கொடுத்த விலை என் சமையலின் மானம்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. பதினோரு வருடமாக ஒரு நாள்கூட நின்று ஆட்டத்தைப் பார்க்காத அண்ணன், ஞாயிறு தவறாமல் பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஷெட்டுக்கு வந்து இறங்கிய ஹாலோ பிளாக் கல் வேலியோரம் அடுக்கியிருந்தது. அந்த நிழலில் உட்கார்ந்துகொள்வார். ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க வேண்டும். இது அவருக்குப் பிடிபடவே இல்லை. "ஏன்டா பின்னால குடுக்கற? அவனே முன்னால நிக்கறான், அவங்கிட்டக் குடுறா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். இவர் போய் விளக்கினார். "முன்னால போகோணும்னா பின்னால குடுக்கோணுமா? எந்தக் கிறுக்கன் மாப்ள இதக் கண்டுபுடிச்சான்?" என்றார். மூன்றாவது வாரம், யாரோ ஒருவன் தவறிப்போய் முன்னால் எறிந்தபோது முதலில் எழுந்து நின்று திட்டியதும் அவர்தான்.

மாசியில் சென்னைக்காரர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். சொன்ன சொல்படி அண்ணன் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என்னையும் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேனிலிருந்து இரண்டு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, நின்றபடியே ஆளுக்கு ஒன்று உரித்துத் தின்றார்கள். அண்ணன் பின்கட்டு வழியாக உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி, ஏங்காட்டுல நின்னுக்கிட்டுக் கடைப்பழம் உண்ணுறாங்க" என்றார். அப்பா இறந்த அன்றுதான் அவர் குரலை அப்படிக் கேட்டிருக்கிறேன்.

தோற்றோம். தோற்றோம் என்று சொன்னால் போதாது, புரட்டி எடுத்துவிட்டார்கள். எத்தனை பாயிண்ட் என்று எண்ணுவதை நான் பாதியில் விட்டுவிட்டேன். லாரியைத் தள்ளுகிற எங்கள் எட்டுப் பேரையும் அவர்கள் அலுங்காமல் தள்ளிக்கொண்டு போனார்கள். லாரி திருப்பித் தள்ளாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள் எங்கள் ஆட்கள்.

விசில் ஊதியதும் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக அந்தக் கேப்டனிடம் போனார். எல்லாரும் பார்க்கக் கை கூப்பினார். "தம்பி, அன்னைக்கு நீங்க சொன்னது நெசந்தான். எங்க சோறுதான் ஜெயிச்சிருக்குது. ஆனா சத்தியமா சூது இல்லைங்க. எங்களுக்கு அப்படித்தான் போடத் தெரியும்."

அந்தப் பையன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, அண்ணே! நான் அன்னைக்குத் தோத்த கடுப்புல சொன்னது. போற வழியெல்லாம் பசங்க என்னையத்தான் திட்டினாங்க. இப்ப சாப்பாடு இருக்கா, இல்லியா?"

இருந்தது. இந்த முறையும் இரண்டு கிடாய். அண்ணன் தன் கையால் பரிமாறினார். அந்தக் கண்ணாடிப் பையன் மூன்றாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டே, "அடுத்த வருஷமும் இங்க வரலாமா அண்ணே?" என்று கேட்டான்.

நான் ரசச் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பையனுக்கு ஷெட் விஷயம் எதுவும் தெரியாது. எங்கள் ஆட்கள் இருபது பேருக்கும் தெரியும். இவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் கரண்டியைக் குண்டாவில் வைத்தார். வேலியோரம் இருந்த கல் அடுக்கைப் பார்த்தார். மூன்று வருடம் விளையாத கடலை, வாங்கிப் போட்ட கல், எல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும். "இதென்னங்க கேள்வி?" என்றார் கடைசியில். "ஒரம்பரை ஊட்டுக்கு வரக் கேட்டுக்கிட்டா வருவாங்க? வாங்க."

விருந்தாளியிடம் சொன்ன சொல்லை என் அண்ணன் திருப்பி வாங்க மாட்டார். காடு இனிக் காடாகவே கிடக்கும். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக இழந்தது யார் என்று நினைத்ததும் இன்னும் அழுகை வந்தது. சட்டியை வைத்துவிட்டு அண்ணன் பின்னாலேயே போனேன்.

"ஏனுங்ணா, ஷெட்டு?"

"பாத்துக்கலாம் போ." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு பொங்கிவிட்டார். "பதனோரு வருசமா ஏங்காட்டுல ஆடறான் உம்புருசன். ஷெட்டுப் போடறேன்னு சொன்னதும் தலையக் குனிஞ்சுக்கிட்டு செரிங்க மச்சான்னான். காடு வேணும்னு ஒரு வார்த்த கேட்டானா? நான் என்ன அவ்வளவு அந்நியமா?"

மாமனார் வீட்டுச் சொத்தை நாக்கால்கூடத் தொடக் கூடாது என்பது இவருடைய ரோஷம். எனக்கு அது இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாண்ணா?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கோணுமில்ல?"

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். இவர் முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்திக்கு நடந்தார். அத்தனை பேர் நடுவில் அண்ணனுக்கு எதிரில் போய் நின்றார்.

"மச்சான், அந்த மேட்டாங்காடு எங்களுக்கு ஆட வேணுமுங்க. குடுங்க."

அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் மாப்ள. மொதல்ல உக்காந்து உண்ணுங்க" என்றார்.